லூப் போட்டவன்தான் எடுக்கணும்

லூப் போட்ட லைனில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்க வைக்க மறுமுனையில் ஆள் கிடையாது. பேசியவர் பேச்சு பேசியவருக்கே திரும்பிப் போகும், அவ்வளவுதான் சங்கதி. "ஹலோ" என்றால் கண் சிமிட்டும் நேரம் கழித்து அதே "ஹலோ" காதில் வந்து விழும். எரிச்சலோடு ரிசீவரை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போக வேண்டியதுதான். ஆனால் அவன் மாட்டியிருந்த ஹெட்போனில் அவன் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதோரம் எதையோ சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போமே, அப்படி ஒரு சிரிப்பு.

அவன் ஹெட்போனைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"போங்க, எப்பப் பாத்தாலும் இதே பேச்சுதான் உங்களுக்கு," என்றாள் அவள்.

யாரிடம் சொல்கிறாள்?

மலை உச்சியில் இருந்தது அந்த ரிலே நிலையம். ஜன்னல் இல்லாத ஒரே அறை. மைக்ரோவேவ் அலைக்கு வளைந்து போகத் தெரியாது. பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி நேராகத்தான் போகும், குறுக்கே மலை நின்றால் அதோடு சரி. அதனால்தான் மலையின் தலைமேல் ஒரு கோபுரம். அதில் நகரத்தைப் பார்த்து ஒரு டிஷ், கடலோரத்தைப் பார்த்து இன்னொன்று. இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். நகரத்துக் கண்ட்ரோல் ரூமில் அவன் மனைவி, கடலோரக் கோடியில் புதிதாக வந்த டெக்னீஷியன், நடுவில் இவன். வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதே அலையின் ஓரத்தில் ஒரு பேச்சு வழி உண்டு. சர்வீஸ் போன் என்பார்கள். நகரமும் கடலோரமும் என்ன பேசினாலும் இவன் அறையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

தாண்டிப் போன பேச்செல்லாம் கொஞ்ச நாளாக இவன் வயிற்றைத்தான் எரித்துக்கொண்டிருந்தது.

கடலோரத்து ஆளைக் குயில் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். நேரில் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. "மேடம், சிக்னல் லெவல் எப்படி இருக்கு?" என்று அவன் கேட்டால், சிக்னலைக் கேட்கிற மாதிரியே இருக்காது. அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். வீட்டில் இந்த வாய் எங்கே போகிறது என்று இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாம்பின் கால் பாம்பறியும். இவனும் இதே லைனில்தானே அவளைப் பிடித்தான். கல்யாணத்துக்கு முன்னால் இதே நாற்காலி, இதே ரிசீவர். முகம் தெரியாத அவள் "மலைக்காரரே, சாப்டாச்சா?" என்பாள், இவன் மேகத்தையும் காற்றையும் பற்றி மணிக்கணக்கில் அளப்பான். ஒரு குரலை நம்பி ஒரு பெண் எப்படி வந்து சேருவாள் என்பது இவனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

இப்போது வீட்டில், "ஞாயித்துக்கெழம எங்கயாவது போலாமா?" என்று அவள் கேட்டால், "எங்கயாவது போலாமா, போலாமே," என்பான், டிவியைப் பார்த்துக்கொண்டே. "உங்ககிட்ட பேசறதுக்குச் செவுத்துகிட்ட பேசலாம். அதுவும் இப்படித்தான் திருப்பிச் சொல்லும்," என்று போன வாரம் சொன்னாள். அவன் அதற்கும் ஏதோ முனகினான். மலைக்காரரே என்று அவள் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

இன்று மத்தியானம் மூடுபனி கோபுரத்தை விழுங்கியிருந்தது. கோபுரத்துக்கு அலையைக் கொண்டுபோகும் குழாய்க்குள் ஈரம் புகாமல் உலர்ந்த காற்றை அடிக்கும் சின்ன பம்ப், டக் என்று ஓடும், மூச்சு விடும், நிற்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் குயிலிடம் சொன்னாள்: "உங்ககிட்ட நாலு வார்த்த பேசினாத்தாங்க இந்த ஷிப்டே ஓடுது."

அவ்வளவுதான். எதிராளிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை தெரியுமல்லவா? இவன் எழுந்தான். லூப் கேபிள் என்பது ஒரு சாண் நீளம், இரண்டு முனையிலும் பித்தளைத் தலை. கருவிகள் அடுக்கிய ரேக்கின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பழைய இணைப்பை மறு கையால் கழற்ற வேண்டியிருந்ததால் கேபிளைப் பல்லில் கவ்விக்கொண்டான். நாக்கெல்லாம் பித்தளை ருசி. பிறகு அதை எடுத்துச் செருகினான். இனி நகரத்திலிருந்து வருவது நகரத்துக்கே போகும். பேசு, உன் குரலையே கேட்டுக்கொண்டிரு.

லூப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சொல்ல வேண்டும், ரேக்கில் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும், போட்டவன்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் லூப்பில் கிடக்கும் லைன் பார்வைக்கு அசல் நல்ல லைன் மாதிரியே இருக்கும். பச்சை விளக்கெல்லாம் எரியும். உள்ளே உயிர் இல்லை என்று வெளியாளுக்குத் தெரியாது. இவன் யாருக்கும் சொல்லவில்லை, அட்டையும் மாட்டவில்லை.

ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குயில் எப்படியோ வேறு வழி கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தான். செல்போனை எடுத்து அவனைக் கூப்பிட்டான்.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றான் குயில். "சர்வீஸ் போன் செத்துக் கெடக்கு. நீங்க ஏதாச்சும் வேல பாக்கறீங்களா?"

"மேடம் கூட நீ பேசிட்டு இருக்கல்ல?"

"எங்க சார் பேச? இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல." பிறகு சொன்னான்: "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம் பேசறதெல்லாம் உங்களப் பத்திதான். அப்பல்லாம் மலையிலேர்ந்து எப்படிப் பேசுவாரு தெரியுமா, இப்ப என்னவோ வாயே தெறக்கறதில்லன்னு. நான் சும்மா கேட்டுட்டு இருப்பேன்."

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் வந்த வேகத்தில் போயிற்று. குயில் இல்லையென்றால் வேறு யார்?

சத்தத்தைக் கூட்டினான். இரைச்சல் நீர்வீழ்ச்சி போல் எழுந்தது. அதற்கு அடியில், அவள் பேசி முடித்த ஒவ்வொரு முறையும், கண் சிமிட்டும் நேரம் கழித்து, ஒரு ஆண் குரல். தாழ்ந்த குரல். அவசரமே இல்லாத குரல்.

"இங்க மேகமெல்லாம் செருப்புக்கு அடியில போகுது. ஒரு தடவ வந்து பாருங்க. அப்பறம் கீழ எறங்க மனசே வராது."

இது அவனுடைய வாக்கியம். அவனுடைய குரல். கல்யாணத்துக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் சொன்னது, ஒரு எழுத்து மாறவில்லை.

"மலைக்காரரே," என்றாள் அவள். குரல் தழுதழுத்தது. "எங்க போயிருந்தீங்க இத்தன நாளா?"

"இங்கதான். இதே லைன்லதான் சுத்திட்டு இருந்தேன்."

அவனுக்குப் பயம் ஒரு பங்கு என்றால் பொறாமை மூன்று பங்கு. தன் குரலைப் பார்த்தே வயிறெரிந்த ஆள் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அந்தப் பெயர் இவனுடையது. அந்தத் தழுதழுப்பும் இவனுக்குச் சேர வேண்டியது. ரிசீவரை எடுத்து, "ஏய், நான் இங்க இருக்கேன். அவன்கிட்ட பேசாத," என்று கத்தினான். எப்போதும் ரிசீவரில் பேசினால் தன் குரல் தன் காதில் லேசாகக் கேட்கும். இன்று கேட்கவில்லை. அவள் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

லூப்பை எடுத்துவிடலாம் என்று ரேக்குக்குப் போனான்.

கேபிள் இல்லை.

இரண்டு துளைகளும் காலியாக இருந்தன. தரையில் தேடினான். ரேக்குக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினான். தூசி. மேலே பச்சை விளக்குகள் ஒன்று விடாமல் எரிந்தன. வாயில் மட்டும் அந்தப் பித்தளை ருசி, முன்னைவிடக் கடுமையாக.

மெயின் சுவிட்சை இறக்கினான். விசிறிகள் நின்றன. பம்ப் கடைசியாக ஒரு மூச்சு விட்டு அடங்கியது. விளக்குகள் அணைந்தன. மையிருட்டு. கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் மட்டும் பேச்சு நிற்கவில்லை.

"இன்னிக்கு சீக்கிரம் வந்துருவேன்."

"நெஜமாவா?"

"கெளம்பிட்டேன். நீ வீட்டுக்குப் போய் இரு."

அவன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

வெளியே பனி காரின் கண்ணாடியில் வழிந்தது. வாசல் தடுப்பில் காவலாளி டார்ச்சோடு எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், எப்போதும் இரண்டு வார்த்தை பேசாமல் விட மாட்டார்.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா? இப்பத்தானே கீழ போனீங்க?"

நான் எங்கே போனேன், உள்ளேதானே இருந்தேன் என்று அவன் சொன்னான். சொன்னதாகத்தான் நினைத்தான். காதில் இரைச்சல் அடைத்திருந்தது. காவலாளியின் சிரிப்பு மெல்ல வற்றியது.

"ஏன் சார் என் குரல்லயே பேசறீங்க?"

தடுப்பைத் தூக்குங்கள் என்றான். அவர் இரண்டு அடி பின்னால் போனார். அவர் கை தானாகத் தன் வாயைப் பொத்திக்கொண்டது. தடுப்பைத் தூக்கிவிட்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். கிழவருக்கு என்ன வந்தது என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

வளைவுகளில் டயர் கிறீச்சிட்டது. வீடு போய்ச் சேரும்போது அந்தி மங்கிவிட்டது. அடுக்குமாடிப் படிக்கட்டில் பல்பு எரியவில்லை. யார் வீட்டிலோ துவைத்த சோப்பு வாசனை. அவன் வீட்டுக் கதவின் அடியில் மஞ்சளாக வெளிச்சக் கோடு. வாசலில் அவளுடைய செருப்பு. பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ. நனைந்திருந்தது. மலைச் சேறு.

தன் காலைக் குனிந்து பார்த்தான். அதே ஷூ. அதே சேறு.

உள்ளே பேச்சு. தட்டு வைக்கும் ஓசை. அவன் குரல் ஏதோ கதை சொன்னது. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு தடவை சொல்லுங்க என்றாள். வீட்டில் அவளை இப்படிச் சிரிக்க வைக்க அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.  பூட்டில் சாவியைத் திருகினான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

கதவைத் தட்டினான்.

சிரிப்பு நின்றது.

"யாருங்க வாசல்ல?" என்றாள் அவள்.

"யாருமில்ல. காத்தா இருக்கும்," என்றது அவன் குரல்.

நான்தான், என்று சொல்ல வாயைத் திறந்தான். நான்தான் உன் புருஷன். உள்ளே இருக்கிறது நான் இல்லை.

பித்தளை ருசி.

கண் சிமிட்டும் நேரம். பிறகு அவன் வாயிலிருந்து வந்தது. அவள் குரலில்.

"யாருங்க வாசல்ல?"

உள்ளே மெல்ல நடந்து வரும் காலடி. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு.

"யாரு?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரல் இடுக்கு வழியாக வந்தது.

"யாரு?"

"என்னங்க, என் குரலுங்க அது," என்றாள் அவள். விரல் இடுக்கு வழியாக அதுவும் வந்தது, ஒரு எழுத்து மாறாமல். தொண்டைக்குள் விரலை விட்டான். அடியில், ஆழத்தில், ஒரு சில்லென்ற பித்தளைத் தலை நுனி விரலில் பட்டு வழுக்கியது. எட்டவில்லை.

கதவோரம் இன்னொரு காலடி. அவனுடைய குரல், அவசரமே இல்லாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது:

"லூப் போட்டவன்தான் எடுக்கணும்."

இரண்டாவது தாழும் விழுந்தது. உள்ளே அவள் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். கண் சிமிட்டும் நேரம் கழித்து, இருண்ட படிக்கட்டில், திறந்து கிடந்த அவன் வாய்க்குள்ளிருந்தும் அவள் அழ ஆரம்பித்தாள்.