ஒரு கட்டம் மட்டும் சிவப்பு

"மேடம்... டி.வி.யில பொணமுங்க!"

போனில் அலறியவன் குப்பண்ணன். முதலமடையில் ஒரு மாங்காய் குடோனின் வாட்ச்மேன்.

"டி.வி.யில தெனமும்தான் பொணம் வருதுங்கண்ணா. எந்த சீரியல்?" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் செல்வப்பிரியா.

"அய்யோ, கேமரா டி.வி.ங்க! எங்க மொதலாளி மோகனசுந்தரம்... முதுகுல கத்தி!"

குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் பாய்ந்தாள்.

குடோன் ஆபீஸ் சுவரில் அகலத் திரை. அதில் மாங்காய் பழுக்க வைக்கும் அறை தெரிந்தது. மாங்காய்ப் பெட்டிகள்... சாக்குக் குவியல்... நடுவில் குப்புறக் கிடந்தார் மோகனசுந்தரம்! வெள்ளைச் சட்டை முதுகில் மஞ்சள் பிடி போட்ட கத்தி. சுற்றிலும் சிவப்பு.

"கதவைத் தொறங்க!"

"வேண்டாமுங்க மேடம்! கதவுக்கு மேல செகப்பு பல்பு எரியுது பாருங்க. உள்ள கேஸ் உட்டிருக்குது. போனா நாமளும் மல்லாக்கத்தான். ஃபயர் சர்வீஸ் மாஸ்க்கோட வரோணுமுங்க."

ஃபயர் சர்வீஸ் வந்துகொண்டே இருந்தது. அதாவது, வரவில்லை.

ஆனால் கொலைகாரன் கையோடு கிடைத்துவிட்டான்! பங்காளி ஆறுமுகசாமி. கத்தி அவருடையது. முந்தின நாள் டீக்கடையில், "உன்னைக் கொன்னு மாமரத்துக்கு எருவாப் போடறேன்டா!" என்று அவர் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. இப்போது விலங்கோடு நின்றார்.

"அம்மணி, எனக்கு வாய்தானுங்க நீளம். கொல்ற ஆளில்லீங்க நானு. மத்தியானம் கோயில் தோப்பு குத்தகை ஏலமுங்க. நான் தண்ணி ஊத்தி வளத்துன மரங்க அத்தனையும்! நான் போகலீன்னா தோப்பு போச்சு. இவன் பொண்டாட்டி கமலாத்தா காலைலயே ஏலத்துக்குக் கெளம்பிட்டாளாமா!"

"புருசன் செத்தது அந்தக்காவுக்குத் தெரியுமா?"

"போனை எடுக்கலீங்க மேடம்" என்றான் குப்பண்ணன்.

செல்வப்பிரியா திரையையே பார்த்தாள். என்னவோ இடித்தது.

"ஏனுங்கண்ணா... மாம்பழ குடோன்ல ஒரு ஈகூடப் பறக்கலையே? போட்டோவாட்டம் இருக்குதே! இந்த டி.வி.யை மாட்டினது யாரு?"

"நானாக்கும்..."

மூலையிலிருந்து ஈனஸ்வரத்தில் பதில் வந்தது. கல்பாத்தி கிருஷ்ணபிரசாத். அந்த டி.வி.யின் பேட்டரியைப் பார்க்க வந்த இடத்தில் பிணத்தைப் பார்த்துவிட்டு, காயத்ரி ஜபித்துக்கொண்டிருந்த இன்ஜினியர்.

"இது என்னோட டிசைன், கேட்டேளா. திரையைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சிருக்கேன். எந்தக் கட்டத்துல படம் மாறறதோ, அதை மட்டும்தான் புதுசா வரையும். மாறாததைத் திரும்பத் திரும்ப வரைஞ்சு என்ன பிரயோஜனம்? வெறுதே கரெண்டு தண்டம்!"

"ஈ பறந்தா மாறுமில்ல?"

"அதெல்லாம் சின்ன மாற்றம். முந்தின படத்தோட ஒத்துப் பார்க்கும். துளி வித்யாசம்னா, மாறலைன்னே விட்டுடும். இல்லைன்னா பேட்டரி தாங்காது, மனசிலாச்சா?"

"இது மோகனசுந்தரத்துக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன? போன வாரம் தம்பதியா உக்காந்துண்டு, எவ்வளவு மெள்ள அசைஞ்சா திரையில தெரியாதுன்னு துருவித் துருவிக் கேட்டாளே!"

செல்வப்பிரியாவின் கண்கள் சுருங்கின.

"உங்க டி.வி.யோட கஞ்சத்தனத்தைக் கொஞ்சம் கொறைங்க சார்."

"கொறைச்சுடலாம். புதுசா வரையற கட்டத்தைச் சுத்தி சிவப்புக் கோடும் போடச் சொல்றேன்."

கீபோர்டைத் தட்டினார்.

திரையில் அங்கங்கே சிவப்புக் கட்டங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. ஈக்கள்! மாங்காய்ப் பெட்டிகள் மேல் ஜாலியாகப் பறந்துகொண்டிருந்தன.

ஒரு கட்டம் மட்டும் பறக்கவில்லை. பிணத்தின் விலாப் பக்கம்... சிவந்தது... அணைந்தது... மறுபடி சிவந்தது!

"ஈஸ்வரா! மூச்சு விடறார்!"

"மூச்சு உடறாருன்னா உள்ள கேஸே இல்லீங்க! பல்பு மட்டும்தான் எரியுது. ஏலம் முடியற வரைக்கும் பொணமாக் கெடந்துட்டு, அப்பறமா எந்திரிக்கறதுக்குத் திட்டம்!" என்றாள் செல்வப்பிரியா.

"அடப்பாவி!" ஆறுமுகசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "படுத்துட்டே சம்பாரிக்கற புத்தி இவனுக்குப் பொறப்புலயே உண்டுங்க!"

சிரித்துக்கொண்டே விலங்கின் சாவியை எடுத்தாள் செல்வப்பிரியா.

"மேடம்..." குப்பண்ணன் திரையைக் காட்டினான். "அந்தச் சாக்கு எதுக்குங்க செவக்குது?"

சாக்குக் குவியலின் ஓரத்தில் ஒரு கட்டம் சிவந்திருந்தது. அதற்கு அடுத்த கட்டம் சிவந்தது. அதற்கும் அடுத்தது...

அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தது ஒரு சாக்கு! பிணத்தை நோக்கி!

"வேற யாரோ உள்ள இருக்காங்க... ஓடுங்க!"

சாவி கீழே விழுந்தது. ஓடிய ஓட்டத்தில் ஆறுமுகசாமிதான் முதல் ஆள். தோளால் மோதிக் கதவைத் திறந்தார். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கை உயர்ந்தது... கையில் அரிவாள்மனை! விலங்கு பூட்டிய இரண்டு கைகளாலும் ஓங்கி ஒரே அடி. அரிவாள்மனை எகிறிப் போய் மாங்காய்ப் பெட்டியில் குத்தி நின்றது.

சத்தம் கேட்டு, பிணம் எழுந்து உட்கார்ந்தது. சட்டைக்குள்ளிருந்து கத்தி குத்திய ஒரு கிளிமூக்கு மாங்காய் உருண்டு விழுந்தது. ரத்தம் பீட்ரூட் வாசனை அடித்தது.

செல்வப்பிரியா சாக்கை உருவினாள்.

"கமலா?! நீ ஏலத்துக்குப் போகலியா?" என்றது பிணம்.

"என்ற தம்பியை அனுப்பிட்டேனுங்க மாமா."

கொல்ல வந்த இடத்திலும் மரியாதை குறையவில்லை!

குப்பண்ணன் சாவியைத் தேடி எடுத்து வந்தான். விலங்கு கழன்றதும், கொன்றிருக்க வேண்டிய பங்காளியை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆறுமுகசாமி டூவீலரில் ஏலத்துக்குப் பறந்தார். அதே விலங்கு, சூடு ஆறுவதற்குள் கமலாத்தாளின் கையில் ஏறியது.

"ஏனுங்கக்கா, எதுக்கு இப்படி?"

"இவரு நெசமாவே செத்துட்டா, பழி ஆறுமுகத்து மேல போயிருமுங்க. தோப்புக்குப் போட்டியே இருக்காது. பங்கு கேக்கப் புருசனும் இருக்க மாட்டாரு."

முந்தானையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டிவிட்டாள்.

"அதுவுமில்லாம, கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுசன் ஒரு வேலையக்கூட முழுசா முடிச்சதில்லீங்க அம்மணி. சாகறதையாவது நான் முடிச்சு வெக்கலாம்னு பார்த்தேன்!"