வேலியோரத் தக்காளி

அலிபிரி பக்கத்துச் செடிநோய் ஆய்வகத்துக்குள் கோவர்த்தனன் நுழைந்தபோது அவருடைய கோபமும் கூடவே நுழைந்தது. வடமாலபேட்டையில் தக்காளி போட்டிருப்பவர். மேசைமேல் இலைகளைக் கொட்டினார். வெளிர்மஞ்சளும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாய், ஓரம் சுருண்டு கிடந்தன.

"என் தம்பி தனசேகர் வேல மேடம் இது. பாகம் பிரிச்சதிலேர்ந்து பேச்சே இல்ல. களைக்கொல்லி அடிக்கிற சாக்குல வேலி தாண்டி அடிச்சிக்கினு இருக்கான். விஷம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

உதவியாளர் பிரபாகருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "களைக்கொல்லி பட்டாலும் இலை இப்படிச் சுருளும் மேடம்!"

ஆய்வாளர் தேவயானிக்கு எதிலும் அவசரம் கிடையாது. "தோட்டத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

தோட்டத்தில் கோவர்த்தனன் இடுப்பிலிருந்த புகையிலையைக் கசக்கி வாயில் அடக்கிக்கொண்டார். அதே கையால், கொம்பில் கட்டியிருந்த செடிகளின் பக்கக்கிளைகளைக் கிள்ளியபடி முன்னே நடந்தார். எல்லா வரிசையிலும் திட்டுதான். தம்பியின் வேலியோரம் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.

பிரபாகரின் முகம் தொங்கிப்போயிற்று. வேலி தாண்டி வந்த விஷம் வேலியோரத்தை அல்லவா முதலில் கருக்கியிருக்க வேண்டும்?

"இந்த வேலியோரம் யாருங்க கிளை கிள்றது?" என்று கேட்டார் தேவயானி.

"என் சம்சாரம் யசோதா. அவன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு நான் இந்தப் பக்கமே வர்றதில்ல."

"அவங்களுக்குப் புகையில பழக்கம் உண்டா?"

"அந்த வாசனையே அவளுக்கு ஆகாது."

தேவயானி கண்காட்ட, பிரபாகர் திட்டு விழுந்த இலையின் சாற்றைச் சோதனைப் பட்டையில் விட்டான். நோய்க்கான கோடு பளிச்சென்று தெரிந்தது.

"விஷம் இல்லைங்க, வைரஸ். காஞ்ச புகையிலயிலயும் சாகாம கிடக்கும். கசக்கின கையோட கிள்ளினீங்க, காயம் வழியா உள்ள போயிடுச்சி. அப்புறம் செடிக்குச் செடி உங்க கையே கொண்டுபோயிருக்கு. தம்பி மேல இருந்த கோவத்துல நீங்க வராத இடம் மட்டும்தான் தப்பிச்சிருக்கு."

"மருந்து?"

"கிடையாது. திட்டு விழுந்தத எல்லாம் பிடுங்கி எரிச்சிடணும். புகையிலய விடற வரைக்கும் நல்ல செடியத் தொடாதீங்க."

கோவர்த்தனன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த செடிகள். பிரபாகருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வேலியோரம் மிஞ்சிய வரிசைகளில் காய் கனத்துத் தொங்கியது. உடனே இறுக்கிக் கட்டாவிட்டால் அதுவும் சாய்ந்துவிடும். யசோதா ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்.

"தனசேகரா!" என்று கூப்பிட்டார். "இதயெல்லாம் நான் தொடக் கூடாதாம்டா. நீ வந்து கட்டிக்குடு."