ஏற்றுமானூர்க்காரன் மாட்டிய அலாரம்

பாலா சாலையில் மழை வலுத்திருந்தது. லிஸ்மியின் வண்டி எலக்ட்ரிக் பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார், ஊரையே கூட்டும்படி அலறிக்கொண்டு நின்றது.

நனைந்தபடி நின்றவன் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். கார் மதிக்கவில்லை.

"பானட்டைத் தெறங்க சேட்டா."

"எலக்ட்ரீஷியன் எங்க?"

"முன்னாடிதான் நிக்கிறா."

அவன் திரும்பினான். மழை சொட்டும் இமைகளுக்குள்ளே இரண்டு கண்கள்... தேன் நிறம். இதையெல்லாமா கவனிப்பது என்று தன்னையே கடிந்துகொண்டு, லிஸ்மி பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். அலறல் ஓய்ந்தது. மழை மட்டும் கேட்டது.

"பதினொரு மணிக்குத் தங்கச்சிக்கு மனசம்மதம், சர்ச்சுல நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சர்ச்சுக்குக் கிளம்பியிருப்பாங்க. அவளை நான்தான் கூட்டிட்டுப் போகணும்..." என்றான். பெயர் டிஜோ.

ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றியதும் லிஸ்மிக்கு விஷயம் புரிந்தது. அலாரத்துக்காக வண்டியின் சொந்த வயர்களை வெட்டி, வெறுமனே முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பசைவிட்டுத் தொங்கியது. எர்த் வயரை பெயின்ட் மேலேயே திருகியிருந்தார்கள்.

"இதைச் செஞ்சவனுக்குப் பூக்கட்டத்தான் தெரியும் போல."

டிஜோ பக்கத்தில் குனிந்தான். டார்ச்சைப் பிடித்தான். அவள் அலாரத்தைப் பிரித்தெடுத்தாள். வெட்டுப்பட்ட வயர்களைச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் உறை போட்டாள். அவள் விரல் போகும் இடமெல்லாம், சொல்லாமலே வெளிச்சம் கூடவே வந்தது... இந்த வேலை தெரிந்தவன் கை அது.

பேட்டரியை மறுபடி இணைத்து, சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பலிலேயே இன்ஜின் உயிர்த்தது.

"அந்தப் பூக்கட்டுறவன் நான்தான்," என்றான் டிஜோ. "ஏற்றுமானூர்ல அலாரம் மாட்டுற கடை வெச்சிருக்கேன், டூல்ஸெல்லாம் அங்க கிடக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வேலை விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"யாரும் தெறந்து பாத்திருக்க மாட்டாங்க சேட்டா. வயரு சூடாகி ரோட்டுல தீப்பிடிச்சிருந்தா... உள்ள உக்காந்திருக்கப் போறது உங்க தங்கச்சி."

அவன் முகம் கறுத்தது. கூலியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனான்.

தங்கச்சியைப் பற்றிய அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ... மூன்று வாரம் அவள் மனம் இதையே கேட்டது. வாசலில் வெள்ளைக் கார் எது வேகம் குறைத்தாலும் கை தானாக நின்றது. சொன்னது சரிதானே... சரிதான். பிறகு ஏன் வலிக்கிறது?

ஒரு திங்கட்கிழமை அவன் வந்தான். அவனிடம் அலாரம் மாட்டிக்கொண்ட ஒரு டீச்சரின் சிவப்புக் காரில்.

"தெறந்து பாருங்க."

பார்த்தாள். எல்லா இணைப்பும் பற்றவைத்து, உறை போட்டு, கட்டுக்கட்டாக ஒதுக்கியிருந்தது. எர்த் வயர், பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் இறுகியிருந்தது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"யாரு செஞ்சது?"

"நான்தான். இதோட முப்பத்தியொரு வண்டி. நான் அலாரம் மாட்டின எல்லாரையும் கூப்பிட்டு, தப்பு என்னோடதுன்னு சொல்லிப் பிரிச்சு மாட்டினேன்."

"ஊர்ல சிரிச்சிருப்பாங்களே..."

"சிரிச்சாங்க. பெத்த அப்பச்சனே ரெண்டு நாள் பேசல. கடை மானம் போச்சாம்."

லிஸ்மி மூடியை மறுபடி பொருத்தினாள். தன் பிழையை ஊரறியத் திருத்திக்கொண்டு தலை நிமிர்ந்து நிற்கிற ஆணை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

"இதுல நான் குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றாள். "இதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"இது பாதி."

"மீதி?"

"உங்க மேல இருந்த கோபம் மூணாம் நாளே போயிடுச்சு..." அவன் குரல் இறங்கியது. "நீங்க மனசை விட்டுப் போகல."

தூறல் விழுந்தது. அவள் கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"கல்யாணத்துக்கப்புறம் பட்டறை வேண்டாம்னு சொன்ன ரெண்டு வரன்களைத் திருப்பி அனுப்பினவ நான். இந்தக் கையில கரி இருக்கும். வாயும் இப்படித்தான் இருக்கும்."

"ரெண்டும் தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

குனியத் தோன்றவில்லை அவளுக்கு. அந்தத் தேன்நிறக் கண்களை நேராகவே பார்த்தாள்.

"எனக்கும்..." என்றாள். "நீங்க போகவே இல்ல டிஜோ சேட்டா."