பயனுள்ள ஓட்டை

காலையில் எழுந்ததும் வீட்டில் போதுமான காற்று இருக்கிறதா என்று ஆவுடையப்பன் பார்ப்பார். கட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருக்கும் காற்றுமானியில் முள் பச்சைக் கோட்டுக்கு மேலே நின்றால் பொழுது நல்லபடியாக விடிந்தது என்று பொருள். அதன் பிறகு பல் துலக்குவார், காப்பி வில்லையை வெந்நீரில் கரைத்துக் குடிப்பார், கண்ணை மூடிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார். பார்க்கிறவர்கள் தியானம் என்று நினைப்பார்கள். மனிதர் செய்தி பகிர்ந்துகொண்டிருப்பார்.

செவ்வாய்க் கிரகத்தின் செங்குமிழ்புரத்தில் அது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம்தான். நெல்லைச் சீமையிலிருந்து குடியேறியவர்களின் பேரன் பேத்திகள் வாழும் ஊர் அது. மண்ணையும் மழையையும் பூமியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பேச்சை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு குமிழ்வீடு. கண்ணாடி போன்ற சவ்வுக்குள்ளே பூமியில் இருப்பது போலவே கனமான காற்று அடைத்திருக்கும். வீடுகளை இணைக்கும் மூடுதெருக்களில் காற்று மெலிசு; மூக்குக்குழாய் மாட்டிக்கொண்டுதான் நடமாட முடியும். ஒவ்வொருவர் நெற்றியிலும் தோலுக்கடியில் ஒரு நெற்றிச்சில்லு உண்டு. செய்தி வந்தால் நெற்றியில் லேசாகச் சுண்டும். புருவத்தை ஒரு தடவை உயர்த்தினால் செய்தி திறக்கும், இரண்டு தடவை உயர்த்தினால் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போய்விடும். அந்த ஊர்க்காரர்களுக்கு இளவயதிலேயே நெற்றியில் சுருக்கம் விழுவது இதனால்தான்.

ஆவுடையப்பன் பகிர்வதெல்லாம் ஒரே சரக்கு: அன்றாடத் தேவைக்கான இலவசத் தளங்கள். பூமியில் தளம் என்றால் திரையில் தெரியும் எழுத்து. பூமியிலிருந்து சமிக்ஞை வந்து சேர்வதற்குள் ஆறிப்போகிறது என்பதால், ஊருக்கு உதவ நினைத்த சில பொறியாளர்கள் ஒவ்வொரு தளத்தையும் ஓர் இரும்பு உடம்புக்குள் வைத்து, ஊர்க்கோடியில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அவற்றுக்குத் தளவர்கள் என்று பெயர் வைத்தார்கள், அந்தத் தெருவுக்கு இலவசத் தெரு. தோசை மாவை முகர்ந்து பார்த்து இன்று வார்க்கலாமா என்று சொல்ல ஒரு தளவன். கல்யாணப் படத்திலிருந்து வேண்டாத உறவினரை மட்டும் அழித்துத் தர இன்னொருவன். வாரியத்துக்கு மனு எழுதித் தர ஒருவன், வீட்டுச் சவ்வில் ஓட்டை விழுந்தால் வந்து ஒட்டித் தர ஒருவன். பைசா கேட்க மாட்டார்கள், பெயர்கூடப் பதிய வேண்டாம்.

இதையெல்லாம் ஊருக்குத் தெரியப்படுத்தும் பொறுப்பை ஆவுடையப்பன் தானாகவே தலையில் போட்டுக்கொண்டிருந்தார். தினம் ஒரு தளவனின் படம். கீழே, "மிகவும் பயனுள்ளது, சேமித்து வையுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்." அனுப்பின மறு நிமிடம் நாலா பக்கத்திலிருந்தும் கைகூப்பு வரும். அந்தக் கைகூப்பைப் பார்க்கும்போது அவருக்கு வயிறு நிறைந்துவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் வராது. அது அவருடைய சகலை பாலவேசம், மனைவியின் அக்காள் புருஷன். "இது பழசு, நான் போன வருசமே அனுப்பியாச்சு" என்று பதில் போடுவதற்கென்றே அந்த மனுசன் விடியலில் எழுந்திருப்பதாக ஆவுடையப்பனுக்குச் சந்தேகம்.

அன்றைக்கும் அப்படித்தான் புருவம் உயர்த்திக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சண்முகவடிவு அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பாம்பு சீறுத மாதிரி ஒரு சத்தம் கேக்கு. என்னன்னு வந்து பாருங்க."

செவ்வாயில் பாம்பு கிடையாது, வடிவு பாம்பைப் பார்த்ததும் கிடையாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னாள். அடுப்புக்கு மேலே சவ்வில் கடுகளவு ஓட்டை. அதன் வழியே வீட்டுக் காற்று தெருவுக்குச் சீறிப் போய்க்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் காற்றுமானியைப் பார்த்தார். முள் பச்சையை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது.

உயிருக்கு ஆபத்து என்று எதுவும் இல்லை, மூக்குக்குழாய் இருக்கிறது. ஆபத்து வேறு மாதிரியானது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு நெருங்கிய உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது காற்று வாரியத்தின் சட்டம். வாரியத்து ஆட்கள் வந்து சவ்வை மாற்றும் வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். போன புழுதிக்காலத்தில் மனுக் கொடுத்தவர்கள் இன்னும் மாமனார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆவுடையப்பனுக்கு அந்த ஊரில் நெருங்கிய உறவு ஒன்றே ஒன்று, பாலவேசம். அவர் வீட்டில் விருந்தாளி கொட்டாவி விட்டால்கூட, "அவ்வளவு காத்து வேணுமா, சகலை?" என்று கேட்பார். மாதக்கணக்கில் அந்தக் கூரைக்குக் கீழே அளந்து அளந்து மூச்சு விடுவதை நினைத்தபோதே ஆவுடையப்பனுக்கு நெஞ்சடைத்தது. என்ன ஆனாலும் சரி, அங்கே ஒரு பொழுதுகூடத் தங்குவதில்லை என்று முடிவு செய்தார்.

வடிவு ஒட்டுநாடாவை ஒட்டிப் பார்த்தாள், உதிர்ந்தது. மாவைக் குழைத்து அப்பினாள், வழிந்தது. அந்தச் சவ்வில் அதற்கென்று செய்த பசையைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. ஆவுடையப்பன் அதற்குள் ஓட்டையைப் பல கோணங்களில் படம் பிடித்து, "வீட்டில் ஓட்டை, அவசரம், யாருக்காவது வழி தெரியுமா?" என்று உறவுக் குழுவில் போட்டிருந்தார். பதில்கள் வந்து குவிந்தன. தூரத்து உறவில் ஒரு சித்தப்பா மகன் ஓட்டை ஒட்டும் தளவனின் படத்தை அனுப்பியிருந்தான். இன்னும் தூரத்து அத்தை மகள் அதே படத்தை அனுப்பியிருந்தாள். ஒன்று விடாமல் எல்லாரும் அதையே அனுப்பியிருந்தார்கள், கீழே "மிகவும் பயனுள்ளது, சேமித்து வையுங்கள்" என்ற அவருடைய சொந்த வாசகத்தோடு. பாலவேசம் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: "ரூம் ஒழிச்சு வச்சிருக்கு. தலையணை கொண்டாந்திருங்க."

"மாசா மாசம் இந்தப் படத்தைத்தான ஊருக்கெல்லாம் அனுப்புதிய," என்றாள் வடிவு. "நேர்ல போய்க் கூட்டிட்டு வந்தா என்ன?"

ஆவுடையப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருசத்தில் அவருக்கு அப்படி ஒன்று தோன்றியதே இல்லை. மூக்குக்குழாயை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

இலவசத் தெருவில் திருவிழாக் கூட்டம். மாவு முகர்கிற தளவன் பக்கத்தில் புதுமணத் தம்பதி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனு எழுதுகிற தளவனின் தோளில் ஒருவர் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். "எவ்வளவு உபயோகமா இருக்கு பாருங்க" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள், புருவத்தை உயர்த்தினார்கள், நகர்ந்தார்கள். கையில் மாவோடு அங்கே ஒருவரும் வரவில்லை. ஆவுடையப்பன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னேறி, ஓட்டை ஒட்டும் தளவன் முன்னால் போய் நின்றார். அவன் இடுப்பில் பசை டப்பா ஒன்று தொங்கியது. அதன் முத்திரை இன்னும் உடையவில்லை, மூடியில் சிவப்புத் தூசி அப்பிக் கிடந்தது.

"வாங்கண்ணாச்சி," என்றான் தளவன். "படமா? இந்தப் பக்கம் நின்னிங்கன்னா வெளிச்சம் நல்லா விழும்."

படத்துக்கு வரவில்லை, வீட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஆவுடையப்பன் சொன்னார். தளவனின் கண்விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஓட்டையின் படம் இருக்கிறதா என்று கேட்டான். அனுப்பினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி வட்டமான, சுத்தமான ஓட்டையைத் தான் கண்டதில்லை என்று மனதாரப் பாராட்டினான். பிறகு அவனுடைய இரும்புப் புருவம் இரண்டு தடவை உயர்ந்தது. தெரு முழுக்க நின்ற தளவர்களின் கண்விளக்குகள் ஒவ்வொன்றாக மினுங்கின.

"எப்பம் வந்து ஒட்டுவ?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அதான் அனுப்பியாச்சுல்லா, அண்ணாச்சி."

"யாருக்கு அனுப்பின? ஒட்டணும்டே. ஒன் வேலை ஒட்டுததுதான?"

தளவன் குரலைத் தாழ்த்தினான். விவரம் தெரியாத பெரியவருக்குப் பொறுமையாக விளக்குகிற தொனி அதில் இருந்தது.

"ஆரம்பத்துல எனக்கும் அப்படித்தான் சொல்லி வச்சாவ, அண்ணாச்சி. மிச்சத்தை வாரவியளப் பாத்துக் கத்துக்கிடணும்னாவ. வந்தவிய எல்லாரும் என்னையப் பாத்தாவ, ரொம்பப் பயனுள்ளதுன்னு சொன்னாவ, படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிட்டுப் போனாவ. ஒத்த ஆளு ஒட்டச் சொல்லல. அப்பந்தான் எனக்கு விசயம் புரிஞ்சுது. ஒண்ணு பயனுள்ளதா இருந்தா அதை அடுத்த ஆளுக்கு அனுப்பணும், அம்புட்டுதான். ஒங்க ஓட்டை ரொம்பப் பயனுள்ளது."

ஆவுடையப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. இரும்பு மண்டையில் களிமண்ணை வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தொடங்கி, செய்தவர்களின் பரம்பரை வரை இழுத்துத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய நெற்றி சுண்டியது. உடனே இன்னொரு தரம் சுண்டியது. பிறகு நிற்கவே இல்லை. தளவர்கள் அனுப்பிய ஓட்டை ஊரெல்லாம் போயிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கைகூப்பி இருந்தார்கள். வடதுருவச் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒரு கூட்டம் மொத்தமாகக் கைதட்டியிருந்தது. கடைசியில் பூமிக்கும் போய்விட்டது. அவர் அனுப்பிய எதுவும் இதுவரை செங்குமிழ்புரத்தைத் தாண்டியதில்லை.

திறந்த வாயை அவர் மெல்ல மூடினார். உண்மையைச் சொன்னால், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குள் சுற்றி நின்றவர்கள், ஓட்டைக்காரர் இவர்தானாம் என்று அடையாளம் கண்டு நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். தளவனோடு சேர்ந்து நிற்கச் சொன்னார்கள். பசை டப்பா தன் சட்டையை மறைக்கிறது என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டுவிட்டு, ஆவுடையப்பன் நிமிர்ந்து நின்று சிரித்தார்.

வீடு திரும்பியபோது முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது. வடிவு துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டு வாசலில் நின்றாள்.

"கூட்டிட்டு வந்தியளா?"

"வடிவு, நம்ம ஓட்டை பூமி வரைக்கும் போயிட்டு."

அவள் தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பாலவேசம் வீட்டில் வரவேற்பு சுரத்தில்லாமல் இருந்தது. காலையிலிருந்து அவருடைய நெற்றியிலும் சகலையின் ஓட்டைதான் சுண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இது பழசு, போன வருசமே அனுப்பியாச்சு என்று அவராலும் சொல்ல முடியவில்லை. முகம் வெந்துபோய் இருந்தது. சாப்பிடும்போதுகூட ஆவுடையப்பன் ஒரு வாய் உண்பதும், கண்ணை மூடி எண்ணிக்கையைப் பார்ப்பதும், லேசாகப் புன்னகைப்பதுமாக இருந்தார். அவர் தாராளமாகக் கொட்டாவி விட்டபோதும் பாலவேசம் எதுவும் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

உள்ளே எதையோ குடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் 'டப்' என்றது. அதைத் தொடர்ந்து கனமான ஒரு சீறல்.

பாலவேசம் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"சகலை," என்றார். "ஒங்களதைவிட நம்மது கொஞ்சம் பெருசு."

பெருசுதான். காற்றுமானியின் முள் வழியில் எங்கேயும் நிற்காமல் நேராகச் சிவப்புக்குப் போய் விழுந்தது. சட்டப்படி பாலவேசமும் வீட்டைக் காலி செய்துவிட்டு நெருங்கிய உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீடு ஆவுடையப்பனுடையது, அதுவோ ஏற்கெனவே சிவப்பில் கிடக்கிறது. ஆக, சகலை வீட்டில் ஒரு பொழுதுகூடத் தங்கப் போவதில்லை என்று காலையில் செய்த முடிவில் ஆவுடையப்பன் ஜெயித்துவிட்டார். ஆனால் அதைப் பற்றிச் சந்தோசப்பட அவருக்கு நேரமில்லை. மூடுதெருவில் மூக்குக்குழாயோடு இரண்டு சகலைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கண்களை மூடி, யாருடைய ஓட்டை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். வடிவு கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

"பிரமு அக்கா, அந்தப் பசை டப்பா இலவசத் தெருவுல சும்மாதான கிடக்காம். நம்ம ரெண்டு பேருமே போய் எடுத்துட்டு வந்து ஒட்டிட்டா என்ன?"

பிரமு தங்கையை வியப்போடு பார்த்தாள். ஆண்கள் ரெண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இது ரொம்பப் பயனுள்ள யோசனை, வடிவு," என்றாள். அவளுடைய புருவம் இரண்டு தடவை உயர்ந்தது.

வடிவின் நெற்றியில் லேசாகச் சுண்டியது.