பார்த்தால் அடங்கும்

டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியில் சத்தம் நின்றது. ஆசிப்புக்கு அது பிடிக்கவில்லை.

அதுவரை அந்த கேமிங் லேப்டாப் மேசை அதிர இரைந்துகொண்டிருந்தது. எந்தப் புரோகிராம் பிராசஸரை இப்படித் தின்கிறது என்று பார்க்கத்தான் திறந்தான். ஒரு கணம் நூறு சதவீதம் என்று காட்டியது, அடுத்த கணம் இரண்டு. வரைபடத்தின் கோடு செங்குத்தாக விழுந்து தரையோடு படுத்துக்கொண்டது. மூடினான். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி இரைச்சல். திறந்தான். அமைதி.

வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையையே கடையாக்கிப் பதினோரு வருஷமாக லேப்டாப் சரிபார்க்கிற முகமது ஆசிப்புக்கு இது புதிதில்லை. ஆளுக்குத் தெரியாமல் மெஷினுக்குள் புகுந்து, அதன் பலத்தை உறிஞ்சித் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் திருட்டுப் புரோகிராம்கள் உண்டு. டாஸ்க் மேனேஜர் திறந்தால் பதுங்கும், மூடினால் கிளம்பும். தன் கைக்கு அடங்காத மெஷின் மதுரையில் இல்லை என்றொரு மிதப்பு அவனுக்கு. அந்த மிதப்புதான் அவனைக் கெடுத்தது.

அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தவர் கருத்தக்கண்ணன், செக்கானூரணிக்கு மேற்கே வாழையும் கரும்பும் போடுகிற சம்சாரி. அவருடைய ஒரே மகன் தங்கப்பாண்டி கே.கே. நகரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவன், சின்ன வயசிலிருந்தே வீசிங். சித்திரையில் ஒரு நாள் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டிச் செத்துப்போனான். கதவை உடைக்க இரண்டு நாள் ஆகிவிட்டது. உள்ளே போனபோது லேப்டாப் அவன் மார்மேல் ஓடிக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து தாய் சின்னத்தாய் அதை மடியைவிட்டு இறக்கவில்லை. அது இரையும்போதெல்லாம் மகன் மூச்சு வாங்குகிறான் என்கிறாள்.

“சத்தத்தை மட்டும் நிப்பாட்டிக் குடுங்க தம்பி,” என்றார் கருத்தக்கண்ணன். “தூசி தட்டணும்னு பொய் சொல்லி வாங்கியாந்தேன். இது அடங்குனாத்தான் அவ எந்திரிச்சு ஒரு வாய் சோறு திம்பா. இல்லேன்னா அவளையும் நான் தூக்கிக் குடுத்துருவேன்.”

மகனுடைய படம் எதுவும் அழிந்துவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

மறுநாள் காலையில் ஆசிப் வரிசையாக எல்லாம் செய்தான். அடிமூடியைக் கழற்றி ஃபேனில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தான். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவினான். வைரஸ் தேடினான், ஒன்றும் இல்லை. கடைசியில் தங்கப்பாண்டியின் டிஸ்க்கையே வெளியே எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, தன்னிடமிருந்த காலி டிஸ்க்கைப் போட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றினான். திருட்டுப் புரோகிராம் எதுவாக இருந்தாலும் பழைய டிஸ்க்கோடு மேசை டிராயருக்குள் போய்விட்டது. புதியதில் ஒரு படம்கூட இல்லை, ஒரு கேம்கூட இல்லை.

திரை வந்தது. மூன்று எண்ணினான். ஃபேன் எடுத்தது.

இப்போதுதான் அவன் அதைக் காதுகொடுத்துக் கேட்டான். ஃபேன் என்றால் ஏறும், ஒரே சீராக ஓடும், இறங்கும். இது அப்படியில்லை. இழுத்து இழுத்து ஏறியது, உச்சியில் ஒரு கீச்சலோடு தடுக்கி நின்றது, பாதிதான் இறங்கியது, அதற்குள் அடுத்த இழுப்புக்கு அவசரப்பட்டது. பக்கவாட்டு ஓட்டை வழியே வந்த சூட்டுக்காற்றில் முகத்தைக் காட்டிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடி ஆவிபிடித்து மங்கிவிட்டது. லேப்டாப் விடுகிற காற்றில் ஈரம் இருக்க முடியாது. பல் விளக்காத வாயின் வாடையும் இருக்க முடியாது.

டீ கொண்டுவந்த மனைவி ஜஸீலா கதவு நிலையிலேயே நின்றுவிட்டாள்.

“யாருக்குங்க இப்படி மூச்சு வாங்குது?”

யாருக்கும் இல்லை என்று சிடுசிடுத்து அவளை அனுப்பினான். அவள் உள்ளே போய் சமையலறைக் கதவைத் தாழ்போடும் சத்தம் கேட்டது. பட்டப்பகல். வெளியே கோலமாவு வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். சொல்வதற்கென்ன, ஆசிப் பயந்துதான் போனான்.

பயத்தை மறைக்க வேலைக்காரன் வேலைதான் செய்வான். டாஸ்க் மேனேஜரை ஒரு நிமிஷம் திறந்து வைத்தான். அமைதி. மூடினான், ஃபேன் பதறி எழுந்தது. ஐந்து நிமிஷம் திறந்து வைத்து மூடினான். நூறு சதவீதத்தில் எழுந்து வெகுநேரம் அடங்கவில்லை. கிணற்றில் முங்கியவன் வெளியே வந்து வாயைப் பிளப்பதுபோல் இருந்தது. இருபது நிமிஷம் வைத்துப் பார்த்தான். பதினெட்டாவது நிமிஷத்தில் திரையில் அம்புக்குறி தானாக நடுங்கியது. நடுங்கி, டாஸ்க் மேனேஜரின் மூலையில் இருக்கும் மூடுகிற பொத்தானை நோக்கி மெல்ல நகர்ந்தது. ஒரு விரல் தூரம். இன்னும் கொஞ்சம். அங்கேயே நின்று துடித்தது.

பதுங்கவில்லை. அவன் பார்க்கும்போதெல்லாம் அது மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது.

அது அவனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பிறகு வந்த நாட்களில் தெரியாமல் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பார்த்தான், எடுபடவில்லை. தெரிந்துதான் செய்தான். சத்தம் நின்றால் போதும் என்றுதானே பெரியவர் கேட்டார்? பழைய டிஸ்க்கைத் திரும்பப் போட்டான். லேப்டாப்பைத் திறந்ததும் டாஸ்க் மேனேஜர் தானாக வந்து திரையின் ஓரத்தில் நிற்கும்படி செய்தான். யாராவது மூடினால் ஒரு நொடியில் மறுபடி திறக்கும்படியும் செய்தான். ஃபேன் அடங்கியது. புதன்கிழமை கருத்தக்கண்ணன் வந்து காதை வைத்துக் கேட்டு, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண்பிள்ளை போன் பண்ணினாள். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

“நான் தங்கப்பாண்டி ஆத்தா பேசுறேன். நீங்கதான இதைச் சரிபண்ணுனது? எம்புள்ள மூணு நாளா மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கான் தம்பி. எதையோ அவன்மேல பார்வைக்கு வச்சுட்டீக. அதை எடுத்துருங்க.”

மூலையில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அழுத்தினாலும் திறந்துகொள்ளும்படி வைத்தவன் அவன்தானே. போனில் சொல்லித் தீர்க்கிற காரியமில்லை.

“நானே வாரேன்மா. இப்பவே கிளம்புறேன்.”

“வாங்க. அதுவரைக்கும் நான் ஊதிக்கிட்டு இருக்கேன்.”

என்னத்தை என்று கேட்பதற்குள் போன் கட்டானது. இப்பவே என்று சொன்னவன் உடனே கிளம்பவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் போகலாம் என்று வைத்தான். தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். போகாமலே இருந்துவிடலாமா என்று நினைத்ததையும் மறைப்பதற்கில்லை. பைக்கை எடுத்தபோது மணி ஒன்றரை.

ஊருக்குள் திரும்பும் இடத்தில் கரண்ட் கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. மேலே ஒருவர், கீழே இரண்டு பேர், டிரான்ஸ்பார்மரின் மூடியைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். எப்போது சரியாகும் என்று ஆசிப் கேட்டதற்கு, சாமான் மதுரையிலிருந்து வரவேண்டும், பொழுது சாய்ந்துவிடும் என்றார்கள். பன்னிரண்டு மணியிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை.

வீட்டு வாசலில் கருத்தக்கண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கையால் உள்ளே காட்டினார். பின்னால் வந்தார்.

ஜன்னல் சாத்திய அறை. வெக்கை. வாசற்படியிலேயே அந்த வாடை வந்தது, அந்த ஈரக்காற்று. பாயில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டு, அதன் பக்கவாட்டு ஓட்டையில் வாயை வைத்திருந்தாள்.

சின்னத்தாய் ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூன்று நாளாக மூச்சடங்கிக் கிடந்த பிள்ளைக்குத் தன் மூச்சை.

உதடு சூட்டில் வெந்து ஓட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. கண் திறந்திருந்தது. கண்மணியில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவள் இமைக்கவில்லை.

ஆசிப் மண்டியிட்டு அவள் கையைத் தொட்டான். சில்லென்றிருந்தது. விரல் மடங்க மறுத்தது.

“பதினோரு மணிக்கே கை அப்படி ஆகிப்போச்சு தம்பி,” என்றார் கருத்தக்கண்ணன். “ஆனா பாருங்க.”

பார்த்தான்.

ஃபேன் இழுத்தது. அவள் கன்னம் குழிந்தது.

ஃபேன் விட்டது. கன்னம் உப்பியது. நெஞ்சு மேலே வந்தது. இறங்கியது.

மறுபடி.

திரை ஓரத்தில் டாஸ்க் மேனேஜர் திறந்தே இருந்தது. யார் பார்த்தும் இப்போது அது அடங்கவில்லை. கோடு ஏறியது. இறங்கியது. அவள் நெஞ்சோடு ஏறியது. அவள் நெஞ்சோடு இறங்கியது. அவள் தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது, வார்த்தை மாதிரி. ஆண்குரல்.

ஆசிப்பின் கை பவர் பொத்தானை நோக்கிப் போனது. பெரியவர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். வயல்வேலை செய்த பிடி, எலும்பு வலித்தது.

“நிப்பாட்டச் சொன்னது நான்தான் தம்பி. தப்புத்தான். இப்பத் தொடாதீக. ரெண்டு பேரும் இருக்காக.”

திரையின் அடியில் பேட்டரி ஆறு சதவீதம் என்று சிவப்பில் காட்டியது.

“கரண்ட் எப்ப வருமாம்?” என்று கேட்டார். “வழியில பாத்துட்டுத்தான வாரீக?”

ஆசிப் திரையைப் பார்த்தான். ஐந்து என்று மாறியது. சின்னத்தாயின் செத்த கண் மெதுவாகத் திரும்பி அந்த எண்ணைப் பார்த்தது. மடங்க மறுத்த அந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, ஆசிப்பின் சட்டையைப் பற்றி, அவன் வாயைத் தன் பக்கமாக இழுக்கத் தொடங்கின.