நீல மூடிப் போத்தில்

பாஆஆம்...!

காதுக்குப் பின்னால் வெடித்த அந்த ஹோர்ன் சத்தத்தில் சைக்கிள் ஒரு பக்கம் போனது, ஜெயகௌரி ஒரு பக்கம் போனாள். தபால் பை வாயைத் திறந்து பருத்தித்துறைக் கடற்கரைத் தெருவில் கடிதங்களைக் கொட்டியது. ஆவணி மாதத்துச் சோளகக் காற்றுக்கு அது போதாதா? யாரோ வீட்டுக் கலியாணக் காட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் ஓடியது.

தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறியிலிருந்து ஒருவன் குதித்தான்.

"என்ன பிள்ளை, நடுறோட்டிலை நித்திரையே? மூண்டு தரம் ஹோர்ன் அடிச்சனான்!"

"மூண்டு தரம் ஹோர்ன் அடிச்ச நேரத்துக்கு ஒருக்கா பிறேக் அடிச்சிருக்கலாம்!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கலியாணக் காட்டின் பின்னால் ஓடினான். முழங்கால் வரை கடலில் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். "நல்லகாலம்... இல்லாட்டில் மீனெல்லாம் கலியாணவீட்டுக்கு வந்திருக்கும்."

ஜெயகௌரி சிரிக்கத்தான் நினைத்தாள். எழுந்ததும் தெரு சுற்றியது. கடலும் வானமும் ஒன்றாகி வெள்ளையாய் மின்னின. நெல்லியடியிலிருந்து காலையில் மிதிக்கத் தொடங்கிய கால்கள் இனி முடியாது என்றன.

"சொண்டெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கடைசியாய் எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?"

அவன் கண்களில் இருந்த அக்கறை அவளைக் கலக்கியது. ஒரு வெள்ளைப் போத்திலின் நீல மூடியைத் திறந்து நீட்டினான். போத்தில் குளிர்ந்து வியர்த்திருந்தது. அவளுடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம்."

"ரெண்டு மிடறு..."

"வேண்டாமெண்டால் விடுங்கோவன்!"

குடிக்க ஆசையில்லாமலா? இப்போது குடித்தால் பன்னிரண்டுக்கு அடிவயிறு முட்டும். வீடு போகப் பின்னேரம் மூன்று மணியாகும். அவளுடைய தெருக்களில் ஒரு பெண் ஒதுங்க ஓரிடமும் இல்லை. அதனால் நாலு வருடமாக இதுதான் வழக்கம்... காலையில் அரைக் கோப்பை தேத்தண்ணி. பிறகு வீடு போகும்வரை ஒரு சொட்டும் கிடையாது. இதை முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? அதுவும் இப்படிப் பார்க்கிறவனிடம்?

அவன் முகம் மெல்ல மூடிக்கொண்டது. போத்திலின் மூடியையும் திருகினான்.

"விளங்குது. எங்கடை கைத்தண்ணி உங்களுக்கு ஒத்துவராது."

என்ன விளங்கிற்று அவனுக்கு? பவுசர் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு அவனை ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கிணறெல்லாம் உப்பாகிப்போன அந்தத் தெருவில், யோசப்பின் அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் வாசல் படலையடியில்தான் பவுசர் நிற்கும். கடிதம் கொடுக்க ஜெயகௌரியும் அந்த நேரத்துக்கே அங்கே போவாள். குடங்களோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அவன் எமில். முழுப்பெயர் எமில்ராஜ், ஊர் குருநகர்.

"ஜஸ்ரின் அக்கா, உந்தத் தண்ணிக் கானுக்கு அடியிலை ஓட்டை. கடலுக்கே தண்ணி குடுக்கப் போறியள்?"

"வாயை மூடிக்கொண்டு பைப்பைப் பிடியடா!"

எல்லோரிடமும் பகிடி. அவளிடம் மட்டும் ஒரு பார்வைகூட இல்லை. பைப்பின் வெடிப்பிலிருந்து சிதறும் தூறல் சிலவேளை அவளுடைய கன்னத்தில் விழும். அந்த மாதம் முழுக்க அவள் மேல் பெய்த மழை அதுதான். ஒருநாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். கண்ணைத் திறந்தபோது அவன் சட்டென்று முகத்தைத் திருப்பினான்.

பவுசரின் பக்கக் கண்ணாடியில் நீல மூடிப் போத்தில் எந்நாளும் நிறைந்தபடி தொங்கியது. அவன் குடிப்பது பைப்பில்தான். அப்படியென்றால் அது ஆருக்கு? ஆரோ ஒருத்திக்காக்கும்... அவளுக்கு எங்கோ குத்தியது.

மூன்றாவது கிழமை யோசப்பின் அக்கா அவளை மறித்தா.

"பிள்ளை, எமிலிட்டைத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டனெண்டனியாம்?"

"அது... அக்கா..."

"அவன் என்ரை அக்காவின்ரை பொடியன். அவன்ரை தாய் மீன்கூடையோடை வீடு வீடாய்த் திரிஞ்சவள். தாகமெண்டு கேட்டால் கோப்பை குடாயினம். கையை ஏந்தச் சொல்லி மேலையிருந்து ஊத்துவினம். இவன் சின்னப்பொடியனாய்ப் படலையிலை நிண்டு பாத்தவன். அதை இன்னும் மறக்கேல்லை. நீயும் சாதி பாத்தனியோ?"

ஜெயகௌரிக்குப் பகீரென்றது. அவன் விளங்கிக்கொண்டது இதையா? ஐயோ... இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் இல்லையென்றால் பிறகு என்னவென்று கேட்பார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லுவம் என்று எண்ணிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்கத் தெரு நீண்டுகொண்டே போனது.

அந்த நாளை வரவில்லை. நாலாம் நாள் குளிர்காய்ச்சலும் சலக்கடுப்புமாய் ஆசுப்பத்திரியில் கிடந்தாள்.

"சலத்திலை கிருமி," என்றா டொக்டர் அம்மா. "உந்த வெய்யிலுக்குள்ளை நாள் முழுக்கச் சைக்கிள் ஓடுறீர். வேர்வையாய்ப் போற தண்ணியை ஆர் திருப்பித் தாறது? தாகம் வரமுன்னமே குடிக்கவேணும். கால்மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு மிடறு. சிறுநீரகம் ரெண்டுதான் இருக்கு, விளங்குதோ?"

"குடிச்சால்... போக இடமில்லை, டொக்டர்."

முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. டொக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டு அவளுடைய கையைத் தட்டினா.

"இதைச் சொல்லுறதுக்கே இவ்வளவு வெக்கம்?"

மூன்று நாள் சேலைன் சொட்டுச் சொட்டாய் இறங்கியது. கண்ணை மூடினால் ஒரு நீல மூடி. நான் நோயில் விழுந்தது பரவாயில்லை... அவன் என்னை அவனுடைய தாய்க்கு மேலிருந்து ஊற்றிய ஆட்களோடு சேர்த்துவிட்டானே!

வேலைக்குத் திரும்பிய அன்று அவள் பத்தரைக்கே யோசப்பின் அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, உங்கடை கக்கூசை நான் பாவிக்கலாமோ? இண்டைக்கு மட்டுமில்லை... ஒவ்வொரு நாளும்."

யோசப்பின் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தா. பிறகு தலையில் கைவைத்தா.

"மாதாவே! உதுக்காகவே நாலு வருஷம் காய்ஞ்சனீ, மோட்டுப் பெட்டை? பின்வளவிலை கிடக்கு, போ. பின்படலை பூட்டுறேல்லை."

பதினொரு மணிக்குப் பவுசர் வந்தது. குடங்கள் வரிசையாயின. ஜெயகௌரி சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் போத்திலைத் தாங்கோ."

எமில்ராஜ் பைப்போடு நிமிர்ந்தான். "ஏன்? இப்ப ஒத்துவருமே?"

அவள் கையை நீட்டினாள். கண்ணாடியிலிருந்து போத்திலைக் கழற்றினாள். அந்நியர் போத்திலென்றால் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். அவள் அண்ணாக்கவில்லை. போத்திலில் வாயை வைத்தே குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"அண்டைக்கு எனக்குத் தாகத்திலை உயிர் போச்சுது," என்றாள், மூச்சு வாங்க. "குடிச்சால் ஒதுங்கிறதுக்கு எனக்கு இந்தத் தெருவிலை ஓரிடம் இருக்கேல்லை. அதை உங்களிட்டைச் சொல்ல வெக்கமாய் இருந்தது. அவ்வளவுதான். சாதியாம் சாதி... அந்த அவசரம் எல்லாச் சாதிக்கும் வாறதுதான், எமில்ராஜ்!"

யோசப்பின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எமில்ராஜ் சிரிக்கவில்லை. பைப்புத் தண்ணீர் அவன் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"டேய், தண்ணி போகுதடா!" என்று கத்தினா ஜஸ்ரின் அக்கா. அவனுக்குக் கேட்டதாய்த் தெரியவில்லை.

"நான்தான் பிழையாய் விளங்கிப்போட்டன்..." என்றான், மெதுவாய்.

களைப்பில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. வெறும் போத்திலை நீட்டினாள்.

"ஆருக்கெண்டு வைச்சிருந்த தண்ணியோ... முழுக்கக் குடிச்சிட்டன். அவ வந்து கேட்டால் என்ன சொல்லப்போறியள்?"

அவன் போத்திலை வாங்கவில்லை. அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கெண்டுதான் ஒவ்வொரு நாளும் நிரப்பிக்கொண்டு வந்தனான், பிள்ளை... குடியுங்கோ எண்டு கேக்க ரோசம் விடாமல் பின்னேரம் பின்னேரம் வீட்டுத் தேசிக்காய் மரத்துக்கு ஊத்தினனான்... அது பூத்தும் போச்சு."