நானூற்றுப் பதினேழாம் வில்லை

கத்தி எதிலோ இடறியது.

மருதாசலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீமைக் கெளுத்தியின் வயிற்றை அறுக்கும்போது கத்தி இடறுவது அந்த ஆடி மாதத்தில் அவனுக்குப் பழகிப்போன சங்கதி. மழை பிடித்துக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கே கொட்டகை இருட்டிக் கிடந்தது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தமும், தடுப்பணையைத் தாண்டி விழும் காவிரித் தண்ணீரின் ஓயாத இரைச்சலும், அதற்கு நடுவே சிமெண்டுத் தொட்டியில் உயிரோடு கிடந்த கெளுத்திகள் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு அமுங்கும் ‘க்ளுப்’ என்ற ஒலியும்தான் அங்கே கேட்டுக்கொண்டிருந்தன. மீனாகப் பிறந்தால் தண்ணீரில் மூச்சு விட வேண்டும், இந்தச் சனியன்கள் மனுஷரைப் போலக் காற்றைக் குடிக்கின்றன என்று முதல் நாளிலிருந்தே அவனுக்கு ஓர் அருவருப்பு.

எண்பத்தொன்றில் வந்த வெள்ளத்தில் யாரோ ஒரு பெரிய மனுஷரின் பண்ணைக் குளம் உடைந்து, ஆசைக்கு வளர்த்த அந்த வெளிநாட்டு மீன் ஆற்றில் இறங்கிவிட்டது. புதுவெள்ளத்தில் முட்டையிட மேலே ஏறி வரும் சேல்கெண்டைகள் தடுப்பணையின் அடியில் இளைப்பாறி நிற்கும். அங்கேதான் இந்தக் கறுப்பு மூதேவிகள் கூட்டமாகக் காத்திருந்து வழித்துத் தின்றன. இரண்டே வருஷத்தில் சேல்கெண்டை பாதியாகிவிட்டது. அதைக் காப்பாற்றத்தான் மீன்துறை மருதாசலத்தைக் குடும்பத்தோடு பரமத்தி வேலூர்ப் பக்கம் இந்தக் கரைக்கு அனுப்பியது. சேல்கெண்டையைப் பிடித்து, எண் குத்திய அலுமினிய வில்லையைக் கம்பியால் துடுப்பில் கட்டி விடுவான். கெளுத்தியைப் பிடித்துக் கொன்று, வயிற்றை அறுத்து, எந்த எண் உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து எழுதுவான். திரும்பி வருவது போன மீன்தானா என்று தெரிய வேண்டாமா, அதற்குத்தான் வில்லை என்று அதிகாரி சொல்லிக் கொடுத்திருந்தார்.

விரலை விட்டு வழுவழுப்பைத் துழாவி வில்லையை இழுத்தான். கம்பி வரவில்லை. சிவப்புக் கயிறு வந்தது.

வாளித் தண்ணீரில் அலசினான். நானூற்றுப் பதினேழு. கடைசி எண்ணான ஏழு, அச்சு நழுவிச் சாய்ந்து விழுந்திருந்தது. ரிஜிஸ்டரைப் புரட்டத் தேவையே இல்லை. அந்த வில்லை எந்த மீனுக்கும் போகவில்லை. அது அவன் மகள் பாவாயியின் இடுப்பில் இருக்க வேண்டியது.

பத்து நாளைக்கு முன்னால், ஆடிப் பதினெட்டன்று எல்லாரும் ஆற்றங்கரையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, ஐந்து வயசுப் பாவாயி மட்டும், ‘மீனுக்குக் கட்டறீங்கள்ல, எனக்கும் நம்பர் கட்டுங்கப்பா’ என்று மண்ணில் விழுந்து புரண்டாள். வீணாய்ப்போன வில்லைதானே என்று இதை அவள் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டான். சும்மா விடாமல் கொட்டகைத் தராசிலும் தூக்கி உட்கார வைத்தான், பதினாலு கிலோ. அன்றிலிருந்து அது அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, ‘நம்பர் என்ன சாமி?’ என்று கேட்பான். ‘நானூத்திப் பதனேழுங்கப்பா’ என்பாள். கடைசியில் சிரிப்பு முந்திக்கொண்டு குரல் உடையும். அந்த உடைசலைக் கேட்கத்தான் அவன் வேகவேகமாக வீட்டுக்குப் போவான்.

மூன்று நாளைக்கு முன்னால், அவன் மனைவி வசந்தாமணி படித்துறையில் துணி துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் பிள்ளையைக் காணவில்லை. பரிசல்காரர் அங்கமுத்து தடுப்பணையின் அடியில் ஒரு மணி நேரம் கழியை விட்டுத் துழாவினார். கடைசியில் அவள் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், சொட்டச் சொட்ட நின்றாள். அழவில்லை. வசந்தாமணி முதுகில் ரெண்டு வைத்துவிட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? அன்றிலிருந்து நம்பர் கேட்கிற விளையாட்டும் நின்றுபோயிருந்தது.

ஆற்றில் இறங்கியிருப்பாள், கயிறு நழுவியிருக்கும், மினுமினுப்பைப் பார்த்துக் கெளுத்தி விழுங்கியிருக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று வாய்விட்டே சொன்னான். சொல்லிக்கொண்டே கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தான். அது அறுந்திருக்கவில்லை. வசந்தாமணி போட்ட முடிச்சுகள் எல்லாம் அப்படியே இறுகிக் கிடந்தன. பிள்ளை வளர்ந்து கயிறு சதையில் பதிகிறது, இந்த வாரம் புதுசு கட்ட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த கயிறு. அது நழுவாது. இடுப்போடுதான் வரும்.

“ஏனுங்க சார், பேயறஞ்சாப்ல நிக்கறீங்க?” சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கமுத்து வாசலில் நின்றார்.

“ஒண்ணுமில்லீங்கண்ணா. இந்தக் கெளுத்தி எந்த எடத்துல மாட்டுச்சு?”

“ஆத்துல இல்லீங்க. உங்கூட்டுப் பொறவால கெடந்துச்சு. மழைன்னா இதுக தரையில நெஞ்ச ஊனிக்கிட்டு ஏறி வருமில்லீங்க. மூணு நாளா சேத்துல இதுக ஊந்துபோன தடந்தான் தாரை தாரையாக் கெடக்குது. அல்லாம் உங்கூட்டுத் தொட்டிக்குத்தான் போகுது.” கொஞ்சம் தயங்கினார். “திரும்பி வந்த தாரை ஒண்ணையும் காணமுங்க.”

வீடு இருநூறு அடிதான். மழையில் நடந்தான். கையில் கத்தி இருப்பது அவனுக்கு நினைவில்லை. சேற்றில் நீள நீளமாகக் கோடுகள், ஒவ்வொன்றும் கை அகலம், இரண்டு பக்கமும் முள் குத்திய புள்ளிகள். எல்லாம் ஒரே திசையில் போயின.

வசந்தாமணி அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள, பாவாயி அரணாக்கவுற அறுத்தியா?”

“நா எதுக்குங்க அறுக்கறேன்? புதுசக் கட்டாம பழச அறுப்பாங்களா?” புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். “அவளக் கொஞ்சம் அதட்டுங்க. மூணு நாளா ஒரு வாய் சோறு எறங்கல. பசிக்கலையாம். அந்தத் தொட்டியே கதீன்னு கெடக்கறா, சளி புடிச்சா யாரு பாக்கறது?”

க்ளுப்.

பின்கட்டிலிருந்து வந்தது. அவன் காதுக்கு அந்தச் சத்தம் தப்பாது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்கிற சத்தம். ஆனால் இது பெரிதாக இருந்தது.

பின்கதவைத் திறந்தான். பாசி நாற்றம், சேற்று நாற்றம், கொட்டகையில் தன் கையில் ஒட்டும் அதே கவிச்சி. தொட்டித் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அதன் மேல் தலைமுடி விரிந்து மிதந்தது.

முகம் மேலே வந்தது. மூக்கு வரைக்கும், வாய் வரைக்கும். வாய் திறந்தது. காற்றை ஒரு வாய் விழுங்கியது. க்ளுப். அமுங்கியது.

அவன் காத்திருந்தான். கொட்டகைத் தொட்டியில் எப்படிக் காத்திருப்பானோ அப்படி. ரொம்ப நேரம். எந்தப் பிள்ளையும் தாங்காத நேரம். மறுபடி வந்தது.

கத்தியைத் துவைக்கிற கல்லின் ஓரத்தில் வைத்தான். குனிந்து அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். என் பிள்ளை, என் பிள்ளை என்று மனசு அடித்துக்கொண்டது. கை வேறு சொன்னது. தராசு இல்லாமலே மீனை எடை போடும் கை அது. இரை எடுத்த மீனுக்கும் எடுக்காத மீனுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும்.

பதினாலு இல்லை. முப்பதுக்குக் குறையாது.

தாங்க முடியவில்லை. கல்லின் மேல் இறக்கினான். அவள் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே சாய்ந்தாள். ஒருக்களித்துப் படுத்தாள். வெட்டுப்பலகையில் அவன் மீனைக் கிடத்துவானே, அதே பக்கமாக. கை கால் அசையவில்லை. கவுனுக்குள் வயிறு விறைத்துத் தூக்கி நின்றது. அதன் மேல் பட்டிருந்த அவன் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ மெல்லத் திரும்பியது.

மழை அவள் கண்ணில் விழுந்தது. இமைக்கவில்லை.

கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்டான்.

“நம்பர் என்ன சாமி?”

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் ஒட்டியே இருந்தன. அசையவே இல்லை.

அவன் கைக்கு அடியில், ஈரத் துணிக்கும் தோலுக்கும் கீழே, நெருக்கத்தில் அமுங்கிய ஒரு சின்னக் குரல்.

“நானூத்திப் பதனேழுங்கப்பா.”

கடைசியில் உடைந்தது. சிரிப்பு இல்லை.

“ஏனுங்க, புள்ளைக்குச் சோறு போட்டுட்டேன், தூக்கிட்டு வாங்க,” என்றாள் வசந்தாமணி அடுப்படியிலிருந்து.

கல்லின் மேல் கிடந்தது கொஞ்சம் புரண்டது. வயிறு மேலே வருகிற மாதிரி, கத்தி இருந்த பக்கமாக. அப்புறம் அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்பா,” என்றது உள்ளே இருந்த குரல். “இருட்டா இருக்குதுங்கப்பா.”